அருவிக்குப் போறீங்களா? டிக்கியை அங்கே போய்த் திறக்காதீங்க! - கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கார் பயண அனுபவம்

"பை எங்கேடா?"

அத்தை கேட்டதும்தான் எல்லோரும் காரைச் சரியாகப் பார்த்தோம். இடதுபக்கப் பின்கதவில் கண்ணாடியே இல்லை. சீட்டிலும் கீழே மேட்டிலும் கல்கண்டைக் கொட்டிய மாதிரி சின்னச் சின்னத் துண்டுகள். பின் சீட்டில் இருந்த அத்தையின் கறுப்பு ஹேண்ட்பேக் காணவில்லை. கம்பத்திலிருந்து தேனி வரும் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தியிருந்தோம். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. சாப்பிட்டு, கை கழுவி, பீடா வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் இந்தக் காட்சி.

அப்பா முதலில் கேட்டது, "செயின்?" என்றுதான். அத்தை கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது. எல்லோருக்கும் மூச்சு வந்தது. அடுத்த நொடி மாமா மெதுவாகச் சொன்னார்: "என் இன்சுலின் அதுலதான்ம்மா இருக்கு."

மாமாவின் இன்சுலின் பேனா, சுகர் பார்க்கும் மெஷின், டாக்டர் சீட்டு, மூக்குக் கண்ணாடி, அருவியில் நனைந்துவிடக் கூடாது என்று பத்திரமாக வைத்த செல்போன் எல்லாம் அந்தப் பையில்தான். நகை இருக்கும் என்று நினைத்து எடுத்தவனுக்குக் கிடைத்தது இதெல்லாம்தான். அவனுக்கு அதில் பாதி உபயோகமே இல்லை. எங்களுக்கோ ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அந்த ஊசி வேண்டும்.

அது போன ஆடி மாதம். இந்த வருடம் அதே பாதையில் மறுபடி போனோம். இரண்டு பயணங்களுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். ஊரைக் குறை சொல்லும் கட்டுரை இல்லை. தேனி மாவட்டம் போகாதீர்கள் என்று யாராவது சொன்னால் முதல் ஆளாகச் சண்டைக்கு வருவேன்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போதே காற்று மாறிவிடும். தேனி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ரோடு தெற்கே போகப் போக, இரண்டு பக்கமும் மலை நெருங்கி வரும். ஒரு பக்கம் கேரள எல்லை மலைகள், இன்னொரு பக்கம் மேகமலை. நடுவில் வயலும் தென்னையும் வாழையும் திராட்சைப் பந்தலும். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் இறங்குவதால் வந்த பச்சை அது. லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபத்தில் நின்று பார்த்தால், ஓர் எஞ்சினீயருக்கு ஏன் இந்த மக்கள் பொங்கல் வைக்கிறார்கள் என்பது புரியும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வருடம் முழுக்கக் காய்க்கும் திராட்சை இது.

அழகான ரோடு என்பதால்தான் நாம் அடிக்கடி நிறுத்துகிறோம். பந்தலைப் பார்த்தால் ஒரு ஃபோட்டோ, வாய்க்காலைப் பார்த்தால் ஒரு குளியல். நிறுத்தும் ஒவ்வோர் இடத்திலும் காரைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறோம்.

அன்று காலை சுருளியில் என்ன செய்தோம் என்பதை அப்புறம் பலமுறை யோசித்துப் பார்த்தேன். கம்பத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். காரை பார்க்கிங்கில் விட்டுவிட்டு அருவிக்கு நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். நாங்கள் இறங்கியதும் முதல் வேலையாக டிக்கியை அகலமாகத் திறந்தோம். துண்டு, மாற்று உடுப்பு, சீயக்காய் எல்லாம் எடுத்தோம். "தண்ணி அடிக்கிற வேகத்துல செயின் அறுந்துரும்" என்று அத்தை அங்கேயே நின்று செயினையும் வளையலையும் கழற்றி, ஹேண்ட்பேக்கில் போட்டு ஜிப்பை இழுத்தார். மாமா செல்போனைக் கொடுத்தார். அப்பா பர்ஸைக் கொடுத்தார். பையை டிக்கியில் வைத்து, மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடி, 'டொப்'பென்று சாத்திவிட்டு நடந்தோம்.

சுற்றி ஐம்பது பேர் நின்றிருப்பார்கள். எங்கள் குடும்பத்தின் மொத்தச் சொத்தும் எந்தப் பையில், காரின் எந்த மூலையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் டெமோ காட்டிவிட்டுத்தான் குளிக்கப் போனோம்.

சுருளியில் ஒன்றும் நடக்கவில்லை. குளித்துவிட்டு வந்து அத்தை செயினையும் வளையலையும் போட்டுக்கொண்டார். அப்பா பர்ஸை வாங்கிக்கொண்டார். பை டிக்கியிலிருந்து பின் சீட்டுக்கு வந்தது. மதியம் சாப்பாட்டுக் கடையில் அது போனது. அருவியில் பார்த்தவர்கள்தான் பின்னால் வந்தார்களா, இல்லை அந்தப் பக்கம் போன யாரோ சீட்டில் பை கிடப்பதைப் பார்த்தார்களா, இன்றுவரை தெரியாது. ஆனால் இரண்டு இடத்திலும் பையைக் காட்டியது நாங்கள்தான்.

யோசித்துப் பாருங்கள். அருவி என்றால் நகையைக் கழற்றுவோம், போனைத் தண்ணீருக்கு எடுத்துப் போக மாட்டோம், நனைந்த துணியோடு வர குறைந்தது ஒரு மணி நேரம் ஆகும். இது நமக்குத் தெரிகிற மாதிரியே திருட நினைக்கிறவனுக்கும் தெரியும். கும்பக்கரையானாலும் சின்னச்சுருளியானாலும் குற்றாலமானாலும் கதை ஒன்றுதான். அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஒரே ஒரு சட்டம். ஒளித்து வைக்கிற வேலையை முந்தைய ஸ்டாப்பிலேயே முடித்துவிட வேண்டும். சுருளிக்குப் போகிறோம் என்றால் சின்னமனூரில் டீ குடிக்கும்போதே டிக்கியைத் திறந்து, துண்டு, மாற்று உடுப்பு ஒரு பையில் மடிக்கு வந்துவிடும். மற்றதெல்லாம் டிக்கியில் அடியில் போய்விடும். அருவியில் இறங்கினால் கதவைப் பூட்டிவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். டிக்கியைத் தொடவே கூடாது.

நகையைப் பற்றி அத்தைக்கும் எனக்கும் பெரிய விவாதமே நடந்தது. கடைசியில் அத்தையே சொன்னார், "குளிக்கப் போற ஊருக்கு எதுக்கு நகை? மஞ்சக்கயிறு போதும்." முதலிலேயே நான் சொன்னபோது மட்டும் கேட்கவில்லை!

உலகம் முழுக்க இதே கதைதான்

இதை எழுத உட்கார்ந்தபோது அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ ஞாபகம் வந்தது. தங்கக் கதவுப் பாலம் பார்க்கப் போகிறவர்களின் கார் கண்ணாடியை உடைப்பதில் பேர்போன ஊர். 2017-ல் மட்டும் 31,000-க்கும் அதிகமான புகார்கள் பதிவாயின. 2024 ஏப்ரலில் அந்தப் பக்கம் ஒரு விருந்துக்கு வந்த அரசியல் தலைவர் ஆடம் ஷிஃப்பின் பெட்டியையே காரிலிருந்து தூக்கிவிட்டார்கள். மற்றவர்கள் கோட் சூட்டில் இருக்க, அவர் சாதாரண உடையில் விருந்தில் பேசினார். அவருக்கே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம் என்று மாமாவுக்கு ஆறுதல் சொன்னேன். "அவருக்கு சுகர் இல்லைல்ல" என்றார்.

கண்ணாடி விஷயத்துக்கு வருவோம். முன்பக்கக் கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியது. அடித்தால் விரிசல் விடும், சுலபத்தில் ஓட்டை விழாது. பெரும்பாலான கார்களில் பக்கக் கண்ணாடி அப்படியில்லை. விபத்தில் ஆளைக் கிழிக்காமல் இருக்க, பொடிப்பொடியாக உதிரும் விதத்தில் சூடேற்றித் தயாரித்தது. நம் பாதுகாப்புக்காகச் செய்த இந்த ஏற்பாடு திருடனுக்கும் வசதியாகிவிடுகிறது. ஒரு சின்னக் கடினமான பொருள் போதும், பெரிய சத்தமும் வராது. கறுப்பு ஃபிலிம் ஒட்டி மறைக்கலாமா என்றால், கறுப்பு ஃபிலிமுக்கு 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டது. முன், பின் கண்ணாடியில் 70 சதவிகிதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவிகிதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. அதாவது, சீட்டில் இருப்பது வெளியே தெரியத்தான் செய்யும்.

அதனால் சீட்டைக் காலியாக வைப்பதுதான் வழி. காலி என்றால் முழுக் காலி. சார்ஜர் ஒயர் தொங்கினால்கூட உள்ளே போன் இருக்கிறது என்று அர்த்தம். சின்ன கார் வைத்திருப்பவர்கள் லக்கேஜ் நிறைய ஏற்ற, டிக்கிக்கு மேலே இருக்கும் மூடித் தட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுவார்கள். பின் கண்ணாடி வழியே அத்தனை பையும் தெரியும். அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போங்கள். ஏழு சீட் வண்டியில் கடைசி சீட்டை மடக்கிவிட்டால் மறைவே கிடையாது. அதில் விலையுள்ள பையை ஆளோடு எடுத்துப் போவதுதான் சரி.

எங்கே நிறுத்துகிறோம்?

திராட்சைத் தோட்டம். பந்தலைப் பார்த்ததும் நாலு கதவும் ஒரே நேரத்தில் திறக்கும். பாட்டிக்குப் புழுங்குமே என்று ஏசி ஓட சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு எல்லோரும் செல்ஃபிக்கு ஓடுவார்கள். பையும் போகும், பாட்டியோடு காரும் போகும் ஆபத்து இதில்தான். பாட்டிக்கும் பந்தல் நிழல் பிடிக்கும், இறக்கிவிடுங்கள்.

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா நாள்களிலும், ஆடி, தை அமாவாசைக்குச் சுருளியில் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் கூடும்போதும் கிடைத்த சந்தில் வண்டியைச் சொருகிவிட்டு ஓடுவோம். சந்து வேண்டாம். கூடுதலாக ஐந்து நிமிடம் நடந்தாலும் கடை வாசலில், ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். கடையில் ஒரு இளநீர் வாங்கிக் குடித்துவிட்டு, "அண்ணே, வண்டியக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொன்னால் நம் ஊரில் உண்மையாகவே பார்த்துக்கொள்வார்கள்.

தேக்கடி போட்டிங் தனிக் கதை. குமுளியில் வண்டியை நிறுத்திவிட்டு பஸ்ஸில் படகுத் துறைக்குப் போக வேண்டும். படகே ஒன்றரை மணி நேரம். காத்திருப்பதையும் சேர்த்தால் அரை நாள் போய்விடும். அங்கே அறை எடுத்திருந்தால் லக்கேஜை முதலில் அறையில் போட்டுவிட்டுப் போவது உத்தமம். திரும்பும்போது ஏலக்காயும் மிளகும் கிலோக் கணக்கில் வாங்கி வைத்திருப்போம். ஏலக்காயை எங்கே ஒளித்தாலும் வாசனை காட்டிக் கொடுத்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கார்த்திகை பிறந்துவிட்டால் இந்த ரோடு முழுக்க ஐயப்ப பக்தர்களின் வண்டிகள். ரோட்டோரம் சமைத்து, குளித்து, கண் அசந்து போவார்கள். நல்ல குருசாமிகள் இதற்கு ஒரு வழி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் குளிக்கப் போனாலும் ஒரு சாமி வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். அவர் கடைசியாகக் குளிப்பார். குடும்பப் பயணத்துக்கும் இதைவிட நல்ல பூட்டு கிடையாது. வாடகைக் காரில் போனால் டிரைவர் அண்ணன் வண்டியோடு இருப்பார் என்று நாமே முடிவுகட்டிக்கொள்கிறோம். அவருக்கும் பசிக்கும். நாம் சாப்பிட்டு வந்ததும் அவர் போகட்டும்.

ஓடும் வண்டியிலும் ஒரு தந்திரம் உண்டு. பைக்கில் வருகிறவர் "சார், ஆயில் ஒழுகுது", "பின் வீல் பஞ்சர்" என்று கை காட்டுவார். அல்லது கீழே பத்து ரூபாய் நோட்டுகள் கிடக்கும், "உங்க காசா பாருங்க" என்பார். டிரைவர் இந்தப் பக்கம் இறங்கிக் குனிந்தால் அந்தப் பக்கக் கதவு திறக்கும். சொல்கிறவர் நல்லவராகவும் இருக்கலாம், அதனால் முறைக்க வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு, அடுத்த பெட்ரோல் பங்க் வரை மெதுவாகப் போய் நிறுத்துங்கள். இறங்குவது ஒரே ஆள், சாவி அவர் கையில், மற்றவர்கள் உள்ளே லாக் போட்டுக்கொண்டு. ரிமோட்டில் பூட்டினாலும் ஒருமுறை கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு நடங்கள். ரிமோட் சிக்னலைத் தடுக்கும் கருவிகள் இருக்கின்றன. பேசிக்கொண்டே பட்டனை அழுத்தாமல் போகும் நம் மறதி அதைவிடப் பெரியது.

(சுருளியில் நிஜமாகவே பகல் கொள்ளை அடிப்பவர்கள் குரங்குகள். கண்ணாடியை நாலு விரல் இறக்கி வைத்திருந்தால் சிப்ஸ் பாக்கெட் போய்விடும். அதற்கு எஃப்.ஐ.ஆர் போட முடியாது.)

சாவியைக் கொடுத்தால் யார் பொறுப்பு?

'வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில் மட்டுமே' என்ற போர்டை எல்லா பார்க்கிங்கிலும் பார்த்திருப்பீர்கள். 1998-ல் டெல்லியில் ஒரு பெரிய நட்சத்திர ஹோட்டலுக்குப் போனவர், தன் மாருதி ஜென் காரை ஹோட்டல் ஊழியரிடம் கொடுத்து நிறுத்தச் சொன்னார். திரும்பி வந்தால் காரை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போயிருந்தார். டோக்கனில் 'உரிமையாளர் பொறுப்பு' என்று அச்சடித்திருக்கிறோம் என்றது ஹோட்டல். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. சாவியை வாங்கிக்கொண்டு வண்டியைத் தன் வசம் எடுத்த ஹோட்டல், அந்த ஒரு வரியைக் காட்டி மட்டும் தப்பிக்க முடியாது, தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று ஹோட்டல்தான் நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். எனவே ஊழியரிடம் சாவி கொடுத்தால் டோக்கனைத் தொலைக்காதீர்கள். சாவியை நாமே வைத்துக்கொண்டு, இடத்துக்கு மட்டும் காசு கொடுக்கும் பார்க்கிங்கில் இந்தத் தீர்ப்பை அப்படியே எதிர்பார்க்க முடியாது. எங்கள் சாப்பாட்டுக் கடையில் ரசீதே கிடையாது.

அன்று மதியத்துக்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். முதல் வேலை இன்சுலின். மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு கேட்டார்கள். சீட்டு பையோடு போய்விட்டது. நல்லவேளையாக, இரண்டு மாதம் முன்பு அத்தை அதை ஃபோட்டோ எடுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே தேடிக் கண்டுபிடித்தோம். அந்த குரூப்பை இனிமேல் கிண்டல் செய்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன்.

அடுத்தது போன். மாமாவின் நம்பரில் பேங்க், யு.பி.ஐ எல்லாம் இருந்தது. பேங்குக்குப் போன் செய்து நிறுத்தினோம், சிம்மை பிளாக் செய்தோம். பணம் ஏதாவது போயிருந்தால் உடனே 1930-க்குச் சொல்ல வேண்டும். போனையே முடக்க 'சஞ்சார் சாத்தி' தளம் இருக்கிறது. அதற்குப் போலீஸ் புகார் நகலும் ஐ.எம்.இ.ஐ எண்ணும் வேண்டும். *#06# அழுத்தினால் அந்த எண் திரையில் வரும். போன் கையில் இருக்கும்போதே குறித்து வையுங்கள், போன பிறகு அழுத்த முடியாது.

கண்ணாடித் துண்டுகளைக் கூட்டித் தள்ளும் முன் ஃபோட்டோ, வீடியோ எடுங்கள். அவசரத்துக்கு 112. புகாரில் பொருள்களை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். நாங்கள் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டோம். புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர் ரசீது தருவார்கள். அது புகாரைப் பெற்றதற்கான ரசீதுதான், எஃப்.ஐ.ஆர் வேறு. இன்ஷூரன்ஸுக்கு எஃப்.ஐ.ஆர் நகல் கேட்பார்கள், கேட்டு வாங்குங்கள். பயணிகள் போகும் வாகனத்திலிருந்து பொருளைத் திருடினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-வது பிரிவில் ஏழு வருடம் வரை தண்டனை உண்டு.

இந்தப் பாதையில் ஒரு சிக்கல், கம்பத்தில் தொலைத்ததைக் குமுளியில் போய்த்தான் கவனிப்போம். அதற்குள் மாநிலமே மாறியிருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்' என்று கேட்டாலே போதும். மலை இறங்கித் திரும்பி வரத் தேவையில்லை.

இன்ஷூரன்ஸில் எங்களுக்கு ஒரு ஏமாற்றம். முழு பாலிசி இருந்தால் உடைந்த கண்ணாடிக்குப் பணம் கிடைக்கும். உள்ளே இருந்த நம் பொருள்களுக்குப் பொதுவாகக் கிடைக்காது. தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் கண்ணாடிக்கும் இல்லை. காரே திருடுபோனால் இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஆகவே ஸ்பேர் சாவியை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள். ஆர்.சி புத்தகமும் அப்படித்தான். டிஜிலாக்கரில் இருப்பதைக் காட்டினாலே செல்லும்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கண்ணாடி கிடைக்கவில்லை. தேனியில் பிளாஸ்டிக் ஷீட் வாங்கி செல்லோ டேப்பால் ஒட்டினோம். ஆண்டிபட்டிக் கணவாய்க் காற்றில் அது படபடவென்று அடித்த சத்தத்தில் மதுரை வரை யாரும் பேசவில்லை.

இந்த ஆடியில் மறுபடி கிளம்பினோம். சின்னமனூர் டீக்கடையிலேயே அத்தை எல்லாவற்றையும் டிக்கியில் அடுக்கி முடித்தார். இன்சுலின் மட்டும் சின்ன ஐஸ் பையில் மாமாவின் தோளில். சுருளியில் யானை நடமாட்டம் இல்லை, குளிக்க அனுமதி இருந்தது. ஒரு மணி நேரம் ஆசை தீரக் குளித்தோம். திரும்பி வந்ததும் மாமா, "சீப்பு எங்கம்மா?" என்றார்.

"டிக்கில."

"எடு."

"உத்தமபாளையம் தாண்டட்டும்."

அருவிக்குப் பக்கத்தில் எடுத்த குடும்பப் படத்தில் மாமாவின் தலை சிலும்பிக்கொண்டுதான் இருக்கிறது. அத்தை அதைத்தான் வாட்ஸ்அப் குரூப்பின் முகப்புப் படமாக வைத்திருக்கிறார்.